க்ளாக்கோமா ஆபரேஷன்: பயமும் வேண்டாம்... பேராசையும் வேண்டாம்!

"கத்தி வைக்காம இதைச் சரி பண்ண முடியுமா, ஐயா?"

பிளாஸ்டிக் பையில் ஃபைலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஃபைலைப் பிரித்தால் உள்ளே கண் டாக்டரின் குறிப்பு இருக்கும். நோய், க்ளாக்கோமா. அதாவது, கண் நீர் அழுத்த நோய். சொட்டு மருந்துக்கு அழுத்தம் அடங்கவில்லை, ஆபரேஷன் தேவை என்று எழுதியிருப்பார்.

'சித்த வைத்தியர் எதற்கு ஆபரேஷனைப் பற்றி எழுதுகிறார்?' என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. கண் டாக்டர் 'ஆபரேஷன்' என்று சொன்ன மறுநாள் பலர் நேராக வந்து நிற்பது என் போன்றவர்களிடம்தான். அப்போது நாங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அந்தக் கண்ணைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். நான் கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானிடம் சொல்லாத வார்த்தை

என் அக்காவின் கணவர் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் ஃபைலோடு வந்தார்.

"மாப்ளே, இடது கண்ணுல பிரஷர் 34 இருக்காம். ரெண்டு சொட்டு போட்டும் குறையல. ஆபரேஷன் பண்ணி ஓட்டை போடணுங்காரு டாக்டர். சொட்டு வேற எரியுது. நீ ஒரு தைலம் குடு, தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கேன்" என்றார.

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். க்ளாக்கோமா என்றால் என்னவென்று தெரியாதவன் இல்லை. ஆனால் அக்கா வீட்டுக்காரர், வயதில் மூத்தவர். முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. "சரி அத்தான், பார்ப்போம்" என்று தைலத்தைக் கொடுத்து அனுப்பினேன். 'சொட்டை நிறுத்தாதீங்க' என்றுகூட அழுத்திச் சொல்லவில்லை. என் மௌனத்தை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். சொட்டையும் நிறுத்திவிட்டார்.

வலி இல்லை, சிவப்பு இல்லை. தலை குளிர்ச்சியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் இடப் பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். சந்தேகப்பட்டு வலது கண்ணை மூடிப் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளின் முகமே தெரியவில்லை. இடது கண்ணில் போன பார்வை போனதுதான்.

வலது கண்ணிலும் நோய் ஆரம்பித்திருந்தது. அந்தக் கண் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முற்றத்து ஜலதாரை

பழைய வீடுகளில் நடுவே முற்றம் இருக்கும். மழைத் தண்ணீர் அதில் விழுந்து, மூலையில் உள்ள ஜலதாரை வழியாக வெளியே போய்விடும். ஜலதாரையில் சருகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும், சுவர் ஊறும், கடைசியில் சுவரே பழுதாகும்.

நம் கண்ணுக்குள்ளும் ஒரு நீர் இடைவிடாமல் ஊறுகிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோ லிட்டர்தான் ஊறும். ஒரு சொட்டு சேர இருபது நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில், உட்புறம், இயற்கையே ஒரு சல்லடை வைத்திருக்கிறது. அதன் வழியாக இந்த நீர் வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும். ஊறுவதும் வடிவதும் சரியாக இருந்தால் கண்ணின் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 வரை இருக்கும். பாதரச மில்லி மீட்டர் கணக்கு இது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சல்லடை அடைபட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைக் கெடுக்கும். அதில் சுமார் 10 முதல் 12 லட்சம் இழைகள் உண்டு. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேர்ப்பார்வை கடைசி வரை நிற்பதால் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலருக்கு அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. அதனால் அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும்.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நடத்தி 2003-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 2.6 பேருக்கு க்ளாக்கோமா இருந்தது. அதிகம் காணப்படும் வகை நோய் இருந்தவர்களில் 93 சதவிகிதம் பேருக்கு அதற்கு முன் அப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது!

ஆபரேஷன் எதற்கு? எதற்கு இல்லை?

இதை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்தால் மறுநாளே உலகம் பளிச்சென்று தெரியும். க்ளாக்கோமா ஆபரேஷன் அப்படி இல்லை. செத்த நரம்பு இழை திரும்ப முளைப்பதில்லை. மிச்சம் இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதற்குத்தான் இந்த ஆபரேஷன். 'ஆபரேஷன் பண்ணியும் பார்வை வரலியே' என்று புலம்புகிறவர்கள் பலரும் இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. பெரும்பாலானவர்களுக்குச் சொட்டு மருந்தே போதும். சிலருக்கு லேசர் போதும். பிரிட்டனில் 718 பேரை வைத்து நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், முதல் சிகிச்சையாகச் சல்லடைக்கு லேசர் கொடுத்தவர்களில் 74 சதவிகிதம் பேருக்கு மூன்று வருடம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை.

சொட்டு, லேசர் இரண்டுக்கும் அழுத்தம் அடங்காதபோது, அல்லது பார்வைப் புலம் அளக்கும் 'ஃபீல்டு டெஸ்ட்'டில் நோய் முன்னேறுவது தெரியும்போது, அல்லது சொட்டு ஒத்துக்கொள்ளாமலோ ஒழுங்காகப் போட முடியாமலோ இருக்கும்போது டாக்டர் ஆபரேஷன் என்கிறார். நோய் முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்வதும் உண்டு.

சென்னையில் போட்ட ஓட்டை

இந்த ஆபரேஷனின் சரித்திரத்தில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். 1909-ல் அவர் கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் இடத்தில் மிகச் சிறிய வட்டத் துளை போட்டு, நீரை வெளியே வடியவிடும் முறையைத் தொடங்கினார். சென்னையில் செய்த அந்த ஆபரேஷன் பல நாடுகளுக்குப் பரவியது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. துளைக்கு மூடி கிடையாது. சிலருக்கு நீர் அளவுக்கு மீறி வடிந்து கண் தளர்ந்துபோகும். சிலருக்குக் கிருமி உள்ளே புகும். 1968-ல் இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் என்ற டாக்டர் வேறொரு முறையை வெளியிட்டார். அதில், துளைக்கு மேலே வெள்ளை விழியின் பாதிக் கனத்தில் ஒரு சின்னக் கதவு வெட்டி வைத்தார்கள். அந்தக் கதவைத் தையலால் லேசாகக் கட்டிவிட்டால் நீர் ஒரே பாய்ச்சலாகப் போகாமல் கசிந்து போகும். இதுதான் ட்ராபெகுலெக்டமி. இன்றைக்கும் அதிகமாக அழுத்தம் குறைய வேண்டியவர்களுக்கு டாக்டர்கள் முக்கியமாக நம்புவது இதைத்தான்.

கசிந்த நீர் மேல் இமைக்குள்ளே, கண்ணின் மேல் சவ்வுக்கு அடியில் சின்னக் கொப்புளம் போல நின்று, மெதுவாக உடம்பில் கலந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது.

உடம்புக்கு ஒரு குணம் உண்டு. எங்கே வெட்டினாலும் அதை மூடத்தான் பார்க்கும். மற்ற காயம் ஆறினால் நமக்குச் சந்தோஷம். இந்தக் காயம் முழுசாக ஆறினால் வழி அடைபட்டுவிடும்! அதனால்தான் ஆபரேஷன் சமயத்தில் மைட்டோமைசின் என்ற மருந்தை அந்த இடத்தில் வைத்துத் தழும்பு விழுவதைக் குறைக்கிறார்கள்.

எவ்வளவு பலன்? எவ்வளவு ஆபத்து?

பிரிட்டனில் ட்ராபெகுலெக்டமி நடந்த 428 கண்களை இரண்டு வருடம் கவனித்து 2013-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அனுபவமுள்ள டாக்டர்கள் செய்தவை. சராசரியாக 23 இருந்த அழுத்தம் 12.4-க்கு இறங்கியது. 80 சதவிகிதக் கண்களில் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தம் கட்டுப்பட்டது. சொட்டோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 87 சதவிகிதம்.

இனி மறுபக்கம். அதே கணக்கில் 14 சதவிகிதக் கண்களில் கொப்புளம் கசிந்தது. 7 சதவிகிதத்தில் பிற்பாடு அழுத்தம் அளவுக்குக் கீழே போனது. ஏற்கெனவே புரை ஆபரேஷன் ஆகாத கண்களில் 31 சதவிகிதத்துக்குப் புரை எடுக்க வேண்டி வந்தது. பார்வைப் பலகையில் இரண்டு வரிக்கு மேல் இழந்த கண்கள் 5.6 சதவிகிதம். அழுத்தத்தைச் சரிசெய்ய 43 சதவிகிதக் கண்களில் தையலைத் தளர்த்தவோ எடுக்கவோ நேர்ந்தது.

கடைசியில் சொன்னது கோளாறு இல்லை, வைத்தியத்தின் ஒரு பகுதி. வீணைத் தந்தியை முடுக்கிச் சுருதி சேர்ப்பதைப் போல, முதல் சில வாரங்களில் தையலைத் தளர்த்தித் தளர்த்தி அழுத்தத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவார்கள். 'ஆபரேஷன் முடிஞ்சுது, இனிமே எதுக்கு அலையணும்' என்று வராமல் இருந்தால் பாதி வைத்தியத்தை விட்ட மாதிரி.

அபூர்வமாக, கண்ணுக்குள் ரத்தக் கசிவோ கடுமையான கிருமித் தாக்குதலோ வந்து பார்வை போவதும் உண்டு. நோய் மிகவும் முற்றிய கண்ணில், மிச்சமிருந்த நேர்ப்பார்வையும் ஆபரேஷனுக்குப் பின் மறைவது உண்டு, அதுவும் அபூர்வம்தான். இதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் தராசின் இன்னொரு தட்டையும் பாருங்கள். அடங்காத அழுத்தத்தை அப்படியே விட்டால் பார்வை தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

முதலிலேயே ஆபரேஷனா?

அமெரிக்காவில், புதிதாக நோய் கண்ட 607 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சொட்டும் மறு பாதிக்கு ஆபரேஷனும் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான முடிவு: ஆபரேஷனில் அழுத்தம் அதிகமாகக் குறைந்தது. ஆனால் ஐந்து வருடத்தில் பார்வைப் புலம் இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆக, ஆரம்ப நிலையில் ஒழுங்காகச் சொட்டு போடுகிறவருக்கு அவசரம் இல்லை.

நோய் முற்றிய நிலையில் வருகிறவர்கள் விஷயம் வேறு. பிரிட்டனில் அப்படிப்பட்ட 453 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருட முடிவில் ஆபரேஷன் செய்தவர்களின் அழுத்தம் சராசரியாக 12.4. சொட்டில் இருந்தவர்களுக்கு 15.1. அன்றாட வாழ்க்கைத் தரத்தில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. பாதகமான விளைவுகள் ஆபரேஷன் பக்கம் 39 சதவிகிதம் பேருக்கு, சொட்டு பக்கம் 44 சதவிகிதம் பேருக்கு. 'ஆபரேஷன்னா ஆபத்து, சொட்டுன்னா ஆபத்தே இல்லை' என்ற நம் நினைப்பு சரியில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

குழாய் வைப்பது

ஒரு தடவை ஆபரேஷன் செய்து அடைபட்ட கண், அல்லது தழும்பு சுலபமாக விழும் கண்ணாக இருந்தால் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். அதன் மறுமுனையில் ஒரு சின்னத் தகடு. அதைக் கண்ணின் மேல் பக்கம், சவ்வுக்கு அடியில் பதித்துவிடுவார்கள். 1960-களின் கடைசியில் மோல்டினோ என்ற டாக்டர் தொடங்கிவைத்த முறை. வெளிநாட்டுக் குழாய் விலை அதிகம் என்ற குறை நமக்கு இருந்தது. 2013 முதல் மதுரை ஆரோலேப் நிறுவனம் இந்தக் குழாயைக் குறைந்த விலையில் இங்கேயே தயாரிக்கிறது.

கதவா, குழாயா, எது மேல்? அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. முன்பே ஏதாவது கண் ஆபரேஷன் நடந்தவர்களில், ஐந்து வருடத்தில் குழாய் 29.8 சதவிகிதமும் ட்ராபெகுலெக்டமி 46.9 சதவிகிதமும் தோற்றன. அதற்கு முன் கத்தியே படாத கண்களில் நிலைமை மாறியது. குழாய் 42 சதவிகிதமும் ட்ராபெகுலெக்டமி 35 சதவிகிதமும் தோற்றன. எனவே, 'பக்கத்து வீட்டுக்காரருக்குக் குழாய் வச்சாங்க, எனக்கு ஏன் வைக்கல?' என்று கேட்காதீர்கள். அவர் கண் வேறு, உங்கள் கண் வேறு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்து வருடத்தில் இவ்வளவு தோல்வி என்பதற்கு அத்தனை பேரும் பார்வை இழந்தார்கள் என்று அர்த்தமில்லை. அழுத்தம் குறித்த அளவுக்குள் நிற்கவில்லை, அல்லது மீண்டும் ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்த கணக்கு அது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். இந்த ஆபரேஷன் ஆயுசுக்கும் உத்தரவாதம் தருவதில்லை. ஆயுசுக்கும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

புதியதெல்லாம் பத்திரமா?

அரிசியைவிடச் சிறிய உலோகக் குழல்களைச் சல்லடைக்குள் வைக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்ற ஐஸ்டென்ட் இந்த வகைதான். பெரும்பாலும் புரை ஆபரேஷனோடு சேர்த்துச் செய்வார்கள். காயம் குறைவு, ஆபத்தும் குறைவு. அதே சமயம் அழுத்தம் குறைவதும் குறைவுதான். ஆரம்ப, நடுத்தர நிலை நோய்க்குச் சரி. முற்றிய நோய்க்குப் போதாது.

புதுசு என்பதற்காக மயங்கவும் கூடாது. சைபாஸ் என்ற குழலுக்கு அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அது வைத்தவர்களுக்குக் கருவிழியின் உட்புற செல்கள் அதிகமாக அழிவது தெரிந்தது. 2018-ல் தயாரித்த நிறுவனமே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. வருஷக்கணக்கில் பார்த்த பிறகே ஒரு முறையின் பத்திரம் தெரியும் என்பதற்கு இது உதாரணம்.

திடீரென்று கண் வலித்தால்...

இதுவரை சொன்னது சல்லடை மெதுவாக அடைபடும் வகை. இன்னொரு வகையில், கண்ணின் உள்ளே இருக்கும் திரை முன்னால் தள்ளிச் சல்லடையின் வாசலையே மூடிவிடும். கடும் கண் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். இதைப் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அன்றைக்கே, அந்த மணிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த வகைக்குத் திரையில் லேசரால் சிறு துளை போடுவது வழக்கம். 50 வயதுக்கு மேற்பட்ட 419 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், லேசரைவிட, கண்ணின் இயற்கை லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைப்பதே நல்ல பலன் தந்தது. 'புரையே இல்லையே, லென்ஸை ஏன் எடுக்கணும்?' என்று உங்கள் வீட்டில் யாராவது குழம்பினால் இதுதான் காரணம்.

குழந்தைகளுக்கும் உண்டு

"எங்க பாப்பாவுக்கு எவ்வளவு பெரிய கண்ணு!" என்று கொஞ்சுவோம். கண் பெரிதாக இருப்பதோடு, வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்புவது, எப்போதும் கண்ணில் நீர் வடிவது, கருவிழி மங்கலாக இருப்பது எல்லாம் சேர்ந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பிறவி க்ளாக்கோமாவாக இருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது அதிகம். இங்கே சொட்டு மருந்து துணைக்கு மட்டுமே. ஆபரேஷன்தான் முதல் வைத்தியம், அதுவும் தாமதமில்லாமல்.

சித்த வைத்தியன் என்ன சொல்கிறேன்?

சித்த நூல்கள் கண் நோய்களை 96 என்று வகைப்படுத்துகின்றன. புற மருத்துவம் 32-ல் அறுவையும் ஒன்று. எங்கள் வைத்தியம் கத்திக்கு விரோதி இல்லை. எந்தத் தைலமும் எந்தச் சூரணமும் க்ளாக்கோமாவின் அழுத்தத்தை அடக்கிப் பார்வையைக் காப்பாற்றும் என்று நிரூபிக்கப்படவில்லை. அப்படிச் சொல்லி உங்கள் சொட்டை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் சட்டை எந்த நிறமாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களால் ஆவது வேறு. மலச்சிக்கலில் முக்குவதும் விடாத இருமலும் ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கெடுதல். அவற்றுக்கு எங்களிடம் நல்ல மருந்து உண்டு. அதையும் கண் டாக்டரிடம் சொல்லிவிட்டே சாப்பிடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இவற்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்:

* டாக்டர் அனுமதிக்கும் வரை தலைக்குக் குளிக்க வேண்டாம். எண்ணெய் முழுக்குக்கும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* கண்ணைத் தேய்க்காதீர்கள். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தூக்காதீர்கள்.

* கலிக்கம், தாய்ப்பால், தேன், வெங்காயச் சாறு, பன்னீர் எதையும் அந்தக் கண்ணில் விடாதீர்கள். எப்போதும்!

* சிரசாசனம் வேண்டவே வேண்டாம். அந்த ஆசனத்தில் நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்பதைச் சென்னைக் கண் டாக்டர்களே அளந்து 2006-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

* 'மெட்ராஸ் ஐ'க்கு வாங்கிய பழைய சொட்டை எடுத்து விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து போட்டால் அதுவே க்ளாக்கோமாவை உண்டாக்கும்.

* ஆபரேஷன் ஆகிப் பத்து வருடம் ஆனாலும் சரி, அந்தக் கண் சிவந்து, வலித்து, பீளை கட்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கொப்புளத்தில் கிருமி புகுந்திருக்கலாம்.

டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. என் கண்ணில் இருப்பது எந்த வகை? இப்போது அழுத்தம் எவ்வளவு, எவ்வளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள்? லேசரில் முடியாதா? இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? முதல் மூன்று மாதம் எத்தனை தடவை வர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அத்தானின் வலது கண்

இடது கண் போன பிறகு நானே அத்தானைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். வலது கண்ணிலும் சொட்டுக்கு அழுத்தம் அடங்கவில்லை. ட்ராபெகுலெக்டமி செய்தார்கள். முதல் வாரம் மங்கலாகத்தான் தெரிந்தது. "பழைய மாதிரி தெரியலையே மாப்ளே, இதையும் கெடுத்துட்டாங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருக்கிறதைக் காப்பாற்றத்தான் இது என்று அன்றைக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இரண்டு தையலை லேசரால் வெட்டினார்கள். அழுத்தம் 12-ல் நின்றது. மங்கலும் மெல்ல விலகியது. மூன்றாம் வருடம் புரை வந்தது, அதையும் எடுத்தாயிற்று. இன்றைக்கும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை வரி விடாமல் படிக்கிறார். ஆனால் இடப் பக்கம் யாராவது வந்து நின்றால், கூப்பிட்ட பிறகுதான் திரும்புகிறார்.

இந்த நோய் ரத்த சொந்தங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். அக்கா பிள்ளைகள் இருவரையும் பரிசோதிக்கச் சொன்னேன். மூத்தவனுக்கு 41 வயது. அவனுக்கும் ஆரம்பம். லேசரோடு நின்றது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் இந்த மாதமே ஒரு தடவை கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் ஃபைலோடு வந்து 'கத்தி வைக்காம முடியுமா?' என்று கேட்பவர்களிடம் நான் தயங்குவதில்லை. அன்றைக்கு அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டியதை இவர்களிடம் சொல்கிறேன்:

"முதல்ல கண் டாக்டர் சொன்னதைச் செய்ங்க. சொட்டை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. தைலம் எங்கேயும் ஓடிப்போகாது. பார்வை போனா வராது."